குரல் மாறினால்

தனகோடி அக்காவைப் பற்றி எங்கள் ஆம்புலன்ஸ் ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள்: "அதுவா? சாவு வூட்லயே வாய மூடுன்னு சொல்ற பொம்பளயாச்சே!"

பொய் இல்லை. கேஸுக்குப் போகிற வீட்டில் புருஷன் தரையில் கிடப்பான். பெண்டாட்டி மாரில் அடித்துக்கொண்டு அழுவாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு சுருதியில் சேர்ந்துகொள்வார்கள். ஒருவன் சோடாவோடு நிற்பான், இன்னொருவன் சாவிக்கொத்தைக் கையில் திணித்துக்கொண்டிருப்பான். அக்கா வாசலில் நின்று ஒரு அதட்டல் போடுவாள். "எல்லாரும் வாய மூடுங்க! மூச்சு கேக்கணும் எனுக்கு. டேய், சோடா ஊத்தாத, தொண்டைக்குள்ள பூந்துட்டா ஆளு காலி!" கூட்டம் அப்படியே உறைந்துபோகும். அக்கா மண்டி போட்டு, நெற்றியில் ஒரு கை வைத்து, தாடையைத் தூக்கி, வாயருகே காதைக் கொண்டுபோய், நெஞ்சைப் பார்த்துக்கொண்டு பத்து எண்ணுவாள். மூச்சு முதலில், மீதியெல்லாம் அப்புறம். பதினாலு வருடமாக இதே வரிசைதான்.

இந்த அதட்டலுக்காக அவள்மேல் மூன்று புகார் வந்தது. சூப்பர்வைசர் தீனதயாளன் சார் ஸ்டாண்டுக்கே வந்து மூன்றையும் வாசித்துக் காட்டினார். அவருக்குப் பாதி வார்த்தை மூக்கு வழியாகத்தான் வரும். "ஏம்மா தனகோடி, பப்ளிக்காண்ட பதவிசா பேசினா இன்னா கொறஞ்சா பூடுவ?"

"நான் கொறய மாட்டேன் சார். அங்க ஒருத்தன் மூச்சு கொறஞ்சினு இருக்கும்," என்றாள் அக்கா.

நான் சாம், ஊரப்பாக்கத்துக்காரன். நாலு வருடம் அக்கா இருந்த வண்டியை ஓட்டினேன். எங்கள் வேலையில் டிரைவரை பைலட் என்பார்கள். நெம்மேலியில் மாட்டுக்குப் பின்னால் ஊர்ந்து போகிறவனுக்கு அப்படி ஒரு பேர். வண்டிக்கு நாங்கள் இரண்டே பேர். ஓட்ட நான், நோயாளியைப் பார்க்க அவள்.

அக்காவுக்குத் திருக்கழுக்குன்றத்துக்கு உள்ளே ஒரு கிராமம். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது, பிறகு மனைகளாகப் போனது. புருஷனைப் பற்றிக் கேட்டால், "வேற வூடு பாத்துகினு பூட்டான், சொகமா கீறான்," என்று முடித்துவிடுவாள். மகள் வைஷாலி நர்சிங் இரண்டாம் வருடம். அக்கா கல்யாணத்துக்குப் போனால்கூடப் பந்தியில் எதிரே இருப்பவரின் மூச்சைத்தான் எண்ணுவாள். "அந்தப் பெரியவருக்கு இருபத்தெட்டு ஓடுது, பாரு. பாயசம் வேணான்னு சொல்லு."

எனக்கு ஒரு பழக்கம். யார் பேசினாலும் அது என் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். தீனதயாளன் சாரின் பைக் மறைவதற்குள் "ஏம்மா தனகோடி" என்று மூக்கால் ஆரம்பித்துவிடுவேன். முதல் இரண்டு வருடமும் அக்கா சிரித்துச் சிரித்து ஸ்ட்ரெச்சர்மேல் சாய்வாள். மூன்றாம் வருடம் ஏதோ மாறியது. நான் பேசி முடித்ததும் என் முகத்தைப் பார்த்து, ஒரு நொடி கழித்துச் சிரித்தாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சரக்கு தீர்ந்துபோச்சோ என்று கால் சென்டர் பெண், டீக்கடைக்காரர், எங்கள் சபை பாஸ்டர் எல்லாரையும் இறக்கிப் பார்த்தேன். அதே ஒரு நொடி. பெரிய மனுஷி ஆகிவிட்டாள், என் வித்தை இனி எடுபடாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ஒன்றை மட்டும் அவளே கேட்டு வாங்குவாள். கேஸ் வராத மதியங்களில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, "டேய், மூச்சு சத்தம் போடு, நான் சொல்றேன்," என்பாள். பயிற்சி வகுப்பில் வாத்தியார்கூட என்னைத்தான் போடச் சொல்வார். நாக்கு பின்னால் விழுந்தால் வரும் குறட்டை, தொண்டையில் தண்ணீர் நின்றால் வரும் கொரகொர, தொண்டை வீங்கி அடைத்தால் மூச்சை இழுக்கும்போது வரும் கீச்சு. குறட்டையைச் சொல்லிவிடுவாள். கொரகொரவுக்கு யோசிப்பாள். கீச்சு போட்டுவிட்டு நான் காத்திருப்பேன். "போடுடா," என்பாள். "போட்டாச்சுக்கா." "மெதுவா போட்டா எப்பிடி?" ஏமாற்றுகிறாள் என்று நினைத்துச் சிரிப்பேன்.

அந்த வருடம் பட்டிபுலத்தில் ஒரு வீட்டுக்குப் போனோம். சரோஜா என்கிற அம்மா சமைத்துக்கொண்டிருக்கும்போதே விழுந்திருந்தார். மகன் ஆதித்யா வாசலிலேயே நிம்மதியாகச் சொன்னான்: "மயக்கம் தெளிஞ்சிட்ச்சிண்ணா. அசந்து தூங்குது, கொறட்டகூட வுடுது."

குறட்டை இல்லை அது. வாசல்படியில் நின்ற எனக்கே கேட்டது, அடியில் தண்ணீர் தேங்கிய குழாயில் காற்று முட்டுகிற சத்தம். வாயில் சோடா ஊற்றியிருக்கிறார்கள். அக்கா வழக்கம்போல அதட்டினாள், மண்டி போட்டாள், காதை வைத்தாள், பத்து எண்ணினாள். பிறகு நிமிர்ந்து பிரஷர் பட்டையை எடுத்தாள்.

"அக்கா, தொண்ட!" என்றேன். பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்த் தோளைத் தொட்டேன். திரும்பியவள் என் கண்ணைப் பார்க்கவில்லை. உதட்டைப் பார்த்தாள்.

அடுத்த நொடி அவள் கை மின்னலாக வேலை செய்தது. சரோஜாம்மாவை ஒருக்களித்துப் புரட்டி, வாயைத் துடைத்து, உறிஞ்சுகுழாயை விட்டு எல்லாவற்றையும் எடுத்தாள். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுக் குழாயடியில் அவள் உறிஞ்சுஜாடியைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பின்னால் நின்று, தீனதயாளன் சார் குரலில் மெதுவாகச் சொன்னேன்: "ஏம்மா தனகோடி, ஒனுக்கு காது போச்சா?" அவள் பாட்டுக்குக் கழுவிக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை சொன்னேன். மூன்றாம் முறை எனக்கே அந்தக் குரல் பிடிக்கவில்லை. முன்னால் வந்து நின்றேன்.

"எத்தினி நாளாக்கா?"

ஜாடியைக் கவிழ்த்து வைத்தாள். "எடது காது சுத்தமா இல்ல. ரெண்டு வருசம் ஆவுது. வலது அரவாசி கீது. காது டாக்டராண்ட காட்டிட்டேன். நரம்பு போச்சாம், வராதாம்."

இடது காதுதான் ஜன்னல் பக்கம். கேஸுக்குப் போகும்போது என் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, லாரிக்காரர்களை ஓரம் போகச் சொல்லிக் கத்துவாள். மேலே சைரன். பதினாலு வருடம்.

"மிஷின் வெச்சிக்கோயேன்."

"அது காதுல இருந்தா ஸ்டெத் எங்கடா மாட்டுறது? தீனதயாளன் பாத்தா அன்னிக்கே எறக்கிடுவாரு. வைஷாலி படிப்பு முடியட்டும். நானே எறங்கிடறேன்."

"அதுக்குள்ள யாருக்காச்சும் ஏதாச்சும் ஆச்சுன்னா?"

ஈரக்கையை என் தொண்டையில் வைத்தாள். "கொரகொர போடு." போட்டேன். "கொரகொர," என்றாள். "கொறட்ட போடு." அதையும் சரியாகச் சொன்னாள். விரலால் கேட்டாள். "பாத்தியா? கை கீதுடா எனுக்கு."

"இது?" என்று கீச்சு போட்டேன்.

கையை எடுக்காமல் காத்திருந்தாள். பிறகு எடுத்துவிட்டாள். "அது ஆயிரத்துல ஒருத்தருக்கு வர்றதுடா."

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. நோயாளி இருக்கும் இடத்தில் நான் பக்கத்திலேயே நிற்பேன். குறட்டை என்றால் தோளில் ஒரு தட்டு, கொரகொர என்றால் இரண்டு. வண்டி கிளம்பிவிட்டால் அவளும் அவள் கையும்தான். வண்டியின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிரிக்கிற தடுப்பில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் உண்டு. சைரன் சத்தம் பின்னால் போகாமலிருக்க அதை இழுத்து மூடிவிடுவேன், அவளுடைய மிச்சக் காதுக்காக. எட்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை.

ஆடி மாதம், காலை பதினோரு மணி. நெம்மேலிக்குத் தெற்கே ஒரு சவுக்குத் தோப்பில் பார்த்திபன் என்கிறவன் தன் மினி வேனில் கழி ஏற்றிக்கொண்டிருந்தபோது குளவிக்கூடு கலைந்துவிட்டது. நாங்கள் போனபோது வேன் படியில் உட்கார்ந்திருந்தான். முகம், கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்திருந்தது. வாய் மட்டும் ஓயவில்லை.

"முப்பது கொட்டு இருக்கும்க்கா. எங்க மாமியாகூட ஒரே நாள்ல இவ்ளோ கொட்டுனதில்ல."

"இப்பகூட நக்கல் பாரு இதுக்கு," என்றாள் அவன் மனைவி திவ்யா. வீடு பக்கத்திலேயே. நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடிவந்திருந்தாள். அழுகையும் சிரிப்பும் கலந்து நின்றாள்.

அக்கா நிதானமாகப் பார்த்தாள். முழு வாக்கியமாகப் பேசுகிறான், மூச்சு ஒரு நிமிடம் எண்ணியதில் பதினெட்டு, பிரஷர் சரி. கால் சென்டர் டாக்டரை அழைத்து, போனை வலது காதில் அழுத்திக்கொண்டாள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. "இப்ப மூச்சு நல்லா இருக்கு. அலர்ஜிக்கு உண்டான ஊசி போட்டுக் கூட்டிட்டுப் போங்க. வழியில குரல் மாறினா, மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தா, யோசிக்கவே யோசிக்காதீங்க. உடனே தொடையில அட்ரினலின்."

"குரல் மாறினா அட்ரினலின். சரிங்க டாக்டர்," என்று அக்கா திருப்பிச் சொன்னாள். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"வேற வண்டி கேக்கலாமாக்கா?"

"அது வர்றதுக்குள்ள நாம பாதி தூரம் பூடுவோம். நீ சைரன் போட்டு அடிச்சி ஓட்டு. நான் அவன் கழுத்த வுட்டு கண்ண எடுக்க மாட்டேன்."

திவ்யா பின்னால் ஏறினாள். கதவைச் சாத்தும்போது, "ஐயோ, மூஞ்சி வீங்கினே போவுதே," என்று அழ ஆரம்பித்திருந்தாள். "வாய மூடு திவ்யா. சத்தம் இருந்தா நான் வேல பாக்க முடியாது," என்றாள் அக்கா. அந்தப் பெண் துண்டின் நுனியை வாயில் திணித்துக்கொண்டாள். நான் முன்னால் ஏறி, ஜன்னலை இழுத்து மூடி, சைரனைப் போட்டேன்.

பூஞ்சேரி தாண்டி, திருக்கழுக்குன்றம் தாண்டி, ஏரிக்கரைத் திருப்பத்தில் பின்னாலிருந்து தடுப்புக் கண்ணாடியில் டமடமவென்று தட்டும் சத்தம். ஓரங்கட்டி, சைரனை நிறுத்தி, ஜன்னலைத் தள்ளினேன். அந்தச் சத்தம் வந்தது. ஒவ்வொரு முறை மூச்சை இழுக்கும்போதும் மெல்லிய, நீளமான கீச்சு. நான் நூறு தடவை விளையாட்டாகப் போட்டிருக்கிறேன். அது இப்படி இருக்காது.

அக்கா அதற்குள் தொடையில் ஊசி போட்டிருந்தாள். கழுத்துக் குழி உள்ளே இழுத்ததைக் கண்ணால் பார்த்துப் போட்டது. "ஓட்டு, ஓட்டு!" என்று கத்தினாள். இரண்டாவது ஊசியும் போட்டாள். முகத்தில் மாஸ்க்கை அழுத்திக் காற்றுப் பையைப் பிழிந்தால் உள்ளே போகவில்லை. தாடையைத் தூக்கிப் பிடித்தபடியே ஆஸ்பத்திரி வரை வந்தாள். அங்கே கழுத்தில் துளை போட்டுக் காற்று கொடுத்தார்கள். பார்த்திபன் கண் திறக்கவே இல்லை. மூன்றாம் நாள் போய்விட்டான்.

யாரும் அக்காவைக் குறை சொல்லவில்லை. அங்கிருந்த டாக்டர், "இவ்வளவு கொட்டுக்கு சில பேருக்கு இப்படித்தான் அடைச்சுக்கும். நீங்க ஊசி போட்டுத்தானே கொண்டுவந்தீங்க," என்றார். ஊசி போட்ட நேரம் கேஸ் சீட்டில் எழுதியிருந்தது. குரல் மாறிய நேரம் எந்தச் சீட்டிலும் இல்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி, சொல்ல வெட்கமாக இருக்கிறது. "வுடுக்கா. யாரா இருந்தாலும் இதான்," என்றேன். அக்காவுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் திவ்யா ஸ்டாண்டுக்கு வந்தாள், தனியாக. நெற்றி வெறுமையாக இருந்தது. அக்கா பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தாள். திவ்யா உட்காரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, தனக்குத்தானே சொல்வதுபோலப் பேசினாள்.

"கழுக்குன்றம் வர்றதுக்கு முன்னாடியே அவரு கொரலு ஒரு மாதிரி ஆச்சு. வாத்து கத்துற மாதிரி. இன்னாடி பாக்கறன்னு அந்தக் கொரல்லதான் கேட்டாரு. எனுக்கு தெரிஞ்சிது. நீங்க பேசக் கூடாதுன்னீங்க, நான் பேசல. எங்க மாமியா கேக்குது, பக்கத்துல ஒக்காந்துகினு இன்னாடி புடுங்கினு இருந்தன்னு. நான் அப்பவே சொல்லியிருந்தா பொழச்சிருப்பாரா?"

சாலையில் தண்ணீர் லாரி ஒன்று போனது. அக்கா என்னைப் பார்த்தாள். "இன்னா சொல்லுது?"

"ஊசி போட்டு கூட்டினு போனதுக்கு நன்றி சொல்லுதுக்கா," என்றேன்.

அக்கா திவ்யாவின் முகத்தைப் பார்த்தாள். மூச்சை எண்ணுகிற அதே பார்வை. பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஒழுங்கா சொல்லுடா."

சொன்னேன். எதையும் விடவில்லை. வாத்து என்பதையும் சொன்னேன். என் சொந்தக் குரலில்தான் சொன்னேன், அது எனக்கே யாருடையதோ போலிருந்தது.

அக்கா எழுந்து நின்றாள். "நீ சொல்லியிருந்தாலும் எனுக்கு கேட்டிருக்காதும்மா. எனுக்கு காது கேக்காது."

திவ்யா நிமிர்ந்தாள்.

"ஒரு காது சுத்தமா இல்ல. இன்னொண்ணு பாதி. கொரலு மாறினா ஊசி போடுன்னு டாக்டரு சொன்னாரு. மாறுனது எனுக்கு தெரியல. கழுத்து இழுத்தப்பறம்தான் பாத்தேன்."

"அப்ப எதுக்கு என்ன வாய மூட சொன்ன?"

'நீங்க' போய் 'நீ' வந்திருந்தது. அடிப்பாள் என்று நினைத்து நான் நடுவில் போனேன். அக்கா என்னைத் தள்ளி நிறுத்தினாள்.

"மிச்சம் இருக்கறத வெச்சி கேட்டுடலாம்னு நெனச்சேன்."

திவ்யா அடிக்கவில்லை. துண்டால் மூக்கைத் துடைத்தாள். "எங்க மாமியாராண்ட வந்து சொல்லு. நான் சொன்னா நம்பாது."

"அக்கா, வேணாம்," என்றேன், அவளுக்குத் தெரியும்படி உதட்டை அசைத்து. "அங்க போய் சொன்னா ஊரே சொல்லும். வேல பூடும். வைஷாலிய நெனச்சிக்கோ."

"அந்தப் பொண்ணும் வைஷாலியும் ஒரே வயசுடா," என்று சொல்லிவிட்டு, யூனிஃபார்மோடு திவ்யாவின் ஸ்கூட்டியில் பின்னால் ஏறிப் போனாள்.

அந்த வீட்டில் நடந்ததை அவள் என்னிடம் சொன்னதில்லை. திரும்பி நடந்துதான் வந்தாள். சட்டையில் ஒரு பட்டன் இல்லை, கன்னத்தில் நகக்கீறல். பாத்திரம் கழுவுகிறவள்போலக் கையை நன்றாகக் கழுவினாள். பிறகு ஸ்டாண்டில் கிடந்த நோட்டிலிருந்து தாள் கிழித்துக் கடிதம் எழுதினாள். மறுநாளே அவளை வண்டியிலிருந்து இறக்கினார்கள். விசாரணை நடந்தது, வேலை போனது. இப்போது ஊரப்பாக்கத்தில் ஒரு தனியார் விடுதியில் சமையலுக்குக் காய் நறுக்குகிறாள். வைஷாலி வகுப்பு முடிந்ததும் ஒரு லேபில் சாயங்கால வேலை பார்க்கிறாள். அம்மாவோடு பேசுவதில்லை.

அந்தக் கடிதத்தைத் தீனதயாளன் சார் ஸ்டாண்டிலேயே நின்று எனக்கு வாசித்துக் காட்டினார். அன்று அவர் மூக்கால் பேசவில்லை. காது எப்போது போனது, எந்த டாக்டரைப் பார்த்தாள், யாரிடம் மறைத்தாள், பார்த்திபனுக்கு எத்தனை நிமிடம் தாமதமாக ஊசி போட்டாள் என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தாள். கடைசிக்கு முந்தின வரி: 'எனக்குக் காது கேட்காது என்பது என்னுடன் பணிபுரிந்த பைலட் சாமுக்குத் தெரியாது.'

சார் கண்ணாடியைக் கழற்றினார். "நாலு வருசம் ஒண்ணா இருந்துகீற. தெரியாதா?"

எட்டு மாதம் அவள் தோளில் தட்டிய கையை பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டேன்.

"தெரியாது சார்."

"கீழ கையெழுத்து போடு."

போட்டேன்.